கல்திட்டைக்கு யார் பொறுப்பு? கோத்தகிரித் தம்பிக்கு ஒரு பதில்

கோத்தகிரிப் பக்கத்துத் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். அவர்கள் ஹட்டிக்கு (படகர் ஊருக்கு) மேலே சோலை ஓரமாக மூன்று கல்திட்டைகள், அதாவது பலகைக் கற்களை நிறுத்தி மேலே ஒரு கல்லால் மூடிய பழங்காலச் சின்னங்கள், இருக்கின்றனவாம், அதில் ஒன்றின் உள்கல்லில் ஆள் உருவங்கள் செதுக்கியிருக்கிறதாம். பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துக்குப் பாதை வெட்ட ஜேசிபி வரப்போவதாக ஊரில் பேச்சு. ஓர் அலுவலகத்தில் போய்ச் சொன்னதற்கு "அது தொல்லியல் துறை சமாச்சாரம்" என்று அனுப்பிவிட்டார்கள். அந்தத் துறை எப்படி அமைந்திருக்கிறது, மேலே யார் கீழே யார், நம் மலைக்கு யார் வருவார், யாரிடம் போனால் காரியம் நடக்கும் என்பதுதான் அவர் கேள்வி.

தம்பி, நான் நில அளவராக இந்த மலையில் முப்பது வருடத்துக்கு மேல் சங்கிலி இழுத்தவன். தொல்லியல் அலுவலர்கள் இடம் பார்க்க வரும்போது புலப்படத்தை (நில அளவை வரைபடத்தை) எடுத்துக்கொண்டு கூடவே நடந்திருக்கிறேன், அவர்கள் கோப்பு எப்படி நகரும், எங்கே நிற்கும் என்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும்.

முதலில் மனதில் வைத்துக்கொள்ள வேண்டியது ஒன்று. தொல்லியல் துறைக்குப் பழைய கல் எல்லாவற்றின் மேலும் அதிகாரம் கிடையாது. அரசிதழில் "பாதுகாக்கப்பட்ட சின்னம்" என்று அறிவிக்கை வந்த இடத்தில்தான் அதன் சட்டம் பல்லோடு நிற்கிறது. அறிவிக்கை இல்லாத கல்திட்டை இரண்டாயிரம் வருடப் பழசாக இருந்தாலும் அது எந்த நிலத்தில் இருக்கிறதோ அந்த நிலத்துக்காரர் கையில்தான் இருக்கிறது. அந்த நிலத்துக்காரர் வனத்துறையாகவும் இருக்கலாம், வருவாய்த் துறையாகவும் இருக்கலாம், பட்டாதாரராகவும் இருக்கலாம். உங்களை அலைய விட்டதற்குக் காரணம் இதுதான். தொல்லியல் துறைக்குப் போகச் சொன்னது முழுத் தப்பும் இல்லை, ஆனால் அதோடு விட்டது தப்பு.

சரி, துறைக்கு வருகிறேன். பழமைச் சின்னங்கள் நம் நாட்டில் மூன்று பங்காகப் பிரிந்து கிடக்கின்றன, அரசியலமைப்புச் சட்டமே அப்படித்தான் பிரித்திருக்கிறது. தேசிய முக்கியத்துவம் உள்ளவை என்று நாடாளுமன்றச் சட்டத்தின் வழியாக அறிவிக்கப்பட்டவை மத்திய அரசின் பட்டியலில் 67-வது இனமாக வருகின்றன. மற்ற பழஞ்சின்னங்கள் மாநிலப் பட்டியலில் 12-வது இனம். தொல்லியல் இடங்கள், அதாவது மண்ணுக்குள் எச்சம் இருக்கும் மேடுகள், ஈமக்காடுகள் போன்றவை பொதுப்பட்டியலில் 40-வது இனம். இது ஏட்டுச் சுரைக்காய் மாதிரித் தெரியும், ஆனால் நடைமுறையில் இதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. தஞ்சைப் பெரிய கோயிலும் மாமல்லபுரமும் மத்தியத் தொல்லியல் துறையிடம் இருக்கின்றன. மதுரை திருமலை நாயக்கர் மகாலும் இராமநாதபுரம் இராமலிங்க விலாசமும் மாநிலத் துறையிடம் இருக்கின்றன. தமிழ்நாட்டில் மத்தியத் துறையின் பாதுகாப்பில் நானூறுக்கு மேற்பட்ட சின்னங்கள், மாநிலத் துறையிடம் அதைவிட மிகக் குறைவு. இரண்டு துறைக்கும் பெயர் தொல்லியல் துறை என்பதால் மனு மாறிப்போவது சாதாரணமாக நடக்கும், ஒன்றுக்குப் போகவேண்டியது இன்னொன்றில் மாதக்கணக்கில் கிடக்கும். உறையின் மேல் "தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை" என்று முழுசாக எழுதுங்கள்.

மத்தியத் துறை 1861-இல் வெள்ளைக்காரர் காலத்தில் கன்னிங்ஹாம் தலைமையில் தொடங்கியது. இப்போது அதற்கு 1958-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது, 2010-இல் அதைத் திருத்தி, பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக் கட்டுமானமே கூடாது, அதற்கு அப்பால் இன்னொரு 200 மீட்டர் அனுமதி பெற்றுத்தான் கட்டவேண்டும் என்று வைத்தார்கள். தமிழ்நாட்டில் அதற்குச் சென்னை, திருச்சி என்று இரண்டு வட்டங்கள், அதாவது வட்டார அலுவலகங்கள்; திருச்சி வட்டம் 2020-இல் புதிதாக வந்தது. "நூறு மீட்டர் சட்டம் இருக்கே" என்று நம் ஊரில் பலர் சொல்வது இந்த மத்தியச் சட்டத்தைத்தான். அறிவிக்கை ஆகாத உங்கள் கல்திட்டைக்கு அது பொருந்தாது, அதை மனுவில் எழுதினால் அந்த ஒரு வரியைக் காட்டியே மனுவைத் தள்ளிவிடுவார்கள்.

மாநிலத் துறை 1961-இல் தொடங்கியது. அதற்கான சட்டம் 1966-இல் வந்தது, தமிழ்நாடு பழமை மற்றும் வரலாற்றுச் சின்னங்கள், தொல்லியல் இடங்கள் பற்றிய சட்டம். விதிகள் 1971-இல் வந்தன. 1966-இலிருந்து 1988 வரை இரா. நாகசாமி இயக்குநராக இருந்தார். இன்று நாம் பார்க்கிற துறையின் உருவத்தில் பெரும்பங்கு அந்தக் காலத்தில் அமைந்ததுதான்: அகழாய்வு, கல்வெட்டுப் படியெடுப்பு, பள்ளி ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் கல்வெட்டு சொல்லிக்கொடுப்பது எல்லாம். கற்றுக்கொண்டு போன வாத்தியார்கள்தான் பிறகு ஊர் ஊராக நடுகல்லும் கல்வெட்டும் கண்டுபிடித்துத் துறைக்குச் சொன்னார்கள். ஒரு சின்னத் துறை மாநிலம் முழுக்கக் கண் வைத்திருக்க இதைவிட நல்ல வழி இருக்க முடியாது என்பது என் எண்ணம். இந்த மலையில் அப்படி நாலு வாத்தியார் இன்னும் அதிகமாக இருந்திருந்தால் எத்தனையோ கற்கள் மிஞ்சியிருக்கும்.

மேலிருந்து கீழே பார்த்தால் இப்படி. தலைமைச் செயலகத்தில் ஓர் அமைச்சர், ஒரு செயலர். எந்தத் துறையோடு தொல்லியலைச் சேர்ப்பது என்பது ஆட்சிக்கு ஆட்சி மாறியிருக்கிறது, ஒரு சமயம் சுற்றுலா, பண்பாட்டோடு இருந்தது, ஒரு சமயம் தமிழ் வளர்ச்சியோடு இருந்தது. அதற்குக் கீழே துறைத் தலைவர். முன்பு தொல்லியல் படித்தவரே இயக்குநராக இருப்பார். இப்போது பல ஆண்டுகளாக ஐ.ஏ.எஸ். அதிகாரி ஆணையராக இருக்கிறார். இதில் லாபமும் உண்டு நஷ்டமும் உண்டு. நிதி, வழக்கு, மற்ற துறைகளோடு பேச்சு இதெல்லாம் ஆணையர் இருந்தால் வேகமாக நடக்கும், ஆட்சியருக்குச் சமமான ஆள் ஆட்சியரிடம் பேசுகிறார் அல்லவா. ஆனால் ஆணையர் மாறிக்கொண்டே இருப்பார், கல்லை அறிந்தவர் அவருக்குக் கீழே இருக்கும் இணை இயக்குநர், துணை இயக்குநர்கள்தான். கோப்பில் "சின்னமாக அறிவிக்கத் தகுதி உண்டு" என்று எழுதுவது அந்தக் கைகள்தான். தலைமையகம் சென்னை எழும்பூரில், தமிழ் வளர்ச்சி வளாகத்தில்.

அந்தத் தலைமையகத்துக்குள் பிரிவுகள் பல. அகழாய்வுப் பிரிவு எல்லாருக்கும் தெரியும், கீழடி செய்தியில் வந்ததே அதுதான். கல்வெட்டுப் பிரிவில் கல்வெட்டாய்வாளர்கள், அவர்கள் ஈரத் தாளைக் கல்மேல் ஒட்டி, பிரஷ்ஷால் அடித்து, மை ஒற்றிப் படியெடுப்பார்கள். நினைவுச்சின்னப் பராமரிப்புக்குப் பொறியாளர்கள். கல்லையும் ஓவியத்தையும் உலோகத்தையும் சுத்தம் செய்து காக்க வேதியியல் ஆய்வகம். அப்புறம் புகைப்படப் பிரிவு, நூலகம், பதிப்பு. "கல்வெட்டு" என்று ஒரு காலாண்டிதழ் துறையே கொண்டுவருகிறது, உங்களைப் போன்றவர்கள் சொல்லிக் கண்டுபிடித்த எத்தனையோ இடங்கள் அதில் பதிவாகியிருக்கின்றன. தோண்டிக் கிடைத்ததை அந்த ஊரிலேயே வைத்துக் காட்டும் இடத்தை அகழ்வைப்பகம் என்பார்கள், பூம்புகார், கங்கைகொண்ட சோழபுரம் என்று பல இடங்களில் இருக்கிறது, கீழடியில் 2023-இல் திறந்தார்கள். இளைஞர்களைப் பயிற்றுவிக்கத் தனி நிறுவனமும் உண்டு, பட்டமேற்படிப்பு முடித்தவர்களுக்கு இரண்டாண்டுப் பட்டயப் படிப்பு, உதவித்தொகையும் கொடுக்கிறார்கள். மலையிலிருந்து பிள்ளைகள் அங்கே போய்ப் படிக்கவேண்டும் என்பது எனக்கு ரொம்ப நாள் ஆசை. தொதவர், கோத்தர், இருளர், குறும்பர் வீட்டுப் பிள்ளை ஒருவர் அந்தப் படிப்பை முடித்து அலுவலராக இந்த மலைக்கே திரும்பி வந்தால், இந்தக் கல் எதற்கு, இங்கே எப்படி நடந்துகொள்ளவேண்டும் என்று யாரும் அவருக்குச் சொல்லித்தர வேண்டியிருக்காது.

தலைமையகத்துக்கு வெளியே, மண்டல அளவில் உதவி இயக்குநர்கள், அதற்குக் கீழே தொல்லியல் அலுவலர்கள். உங்களுக்கு வேண்டியவர் இந்தத் தொல்லியல் அலுவலர்தான். மாவட்டத்துக்கு ஒருவர் என்று நினைத்துவிடாதீர்கள், ஒரே அலுவலர் பக்கத்து மாவட்டங்களையும் சேர்த்துக் கூடுதல் பொறுப்பாகப் பார்ப்பது வழக்கம். சமவெளியில் உட்கார்ந்திருப்பவருக்கு உங்கள் சோலை ஓரக் கல்லைப் பார்க்க ஒரு முழு நாள் போய்விடும், மழைக்காலத்தில் பாதை அடைத்தால் அதுவும் முடியாது. அவரிடம் ஆளும் இல்லை, வண்டியும் எப்போதும் இருக்காது. இதை நான் அவர்களைக் குறை சொல்லச் சொல்லவில்லை. கூடவே நடந்தவன் என்பதால் தெரியும், அட்டைக்கடியோடு மூன்று மணி நேரம் ஏறி, ஒரு கல்லின் அளவை எடுத்துக் குறித்துக்கொண்டு, இறங்கும்போது இன்னொரு கல்வட்டத்தைப் பார்த்துவிட்டுத் திரும்ப ஏறிய அலுவலர்களை எனக்குத் தெரியும். ஆள் குறைவு என்பதால்தான், அவர் ஒரே தடவை வந்து வேலையை முடிக்கும்படி நீங்கள் முன்கூட்டியே எல்லாம் தயார் செய்துவைக்க வேண்டும்.

அறிவிக்கை எப்படி வருகிறது என்றும் சொல்லிவிடுகிறேன். அலுவலர் இடத்தைப் பார்த்து, அளந்து, படம் எடுத்து, புல எண்ணோடு (சர்வே நம்பரோடு) அறிக்கை அனுப்புவார். வருவாய்த் துறையிடம் நில விவரம் கேட்பார்கள், யார் நிலம், எவ்வளவு பரப்பு, யாருக்காவது ஆட்சேபணை உண்டா என்று. தலைமையகம் ஒப்புக்கொண்டால் அரசுக்குப் போகும், அரசு "இந்தச் சின்னத்தைப் பாதுகாக்கப்பட்டதாக அறிவிக்க எண்ணியிருக்கிறோம்" என்று அரசிதழில் இரண்டு மாத அவகாசம் கொடுத்து வெளியிடும், அதன் நகலைச் சின்னத்தின் பக்கத்திலேயே ஒட்டுவார்கள். இரண்டு மாதத்துக்குள் யார் வேண்டுமானாலும் எழுத்தில் ஆட்சேபிக்கலாம். அதையெல்லாம் பார்த்துவிட்டுக் கடைசி அறிவிக்கை. பட்டா நிலமாக இருந்தால் அறிவிக்கையாலே பட்டா பறிபோகாது, உடைமையாளரோடு ஒப்பந்தம் போடுவது, வாங்குவது, கையகப்படுத்துவது என்று தனித்தனி வழிகள் சட்டத்தில் இருக்கின்றன. தோட்டக்காரர்களிடம் இதை விளக்கிச் சொன்னாலே பாதிப் பயம் போய்விடும். நிலம் போய்விடுமோ என்கிற பயத்தில் ராத்திரியோடு ராத்திரியாகக் கல்லைப் புரட்டிவிடுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன், பழமை மேல் அவர்களுக்கு வெறுப்பு ஒன்றும் கிடையாது.

இந்த மொத்த வழியில் எங்கே நிற்கும் தெரியுமா? நில விவரம் கேட்கிற இடத்தில். கல்திட்டை "மேட்டில், பெரிய மரத்துக்குப் பக்கத்தில்" என்று எழுதினால் கோப்பு அங்கேயே படுத்துவிடும். புல எண், உட்பிரிவு எண் வேண்டும், கிராம நிலக் கணக்கான 'அ' பதிவேட்டில் அது பட்டாவா புறம்போக்கா காப்புக்காடா என்று தெரியவேண்டும். எனக்கு இதில் ஆறாத வருத்தம் ஒன்று உண்டு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் பொரங்காடு சீமையில் (கோத்தகிரிப் பக்கத்துப் படகர் ஊர்களின் பிரிவு) ஒரு சரிவை அளந்தேன், நடுவில் பெரிய கல்வட்டம், ஆள் உயரத்துக்குச் சுற்றுச்சுவர், உள்ளே குழி. புலப்படத்தில் ஓடையைக் குறித்தேன், பாதையைக் குறித்தேன், அந்த வட்டத்தைக் குறிக்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பத்துப் பன்னிரண்டு வருடம் கழித்து அதே புலத்துக்கு உட்பிரிவு செய்யப் போனபோது அங்கே தேயிலை நின்றது, கல்லெல்லாம் தாங்குசுவராகக் கட்டியிருந்தது. அன்றைக்கு நான் ஒரு சின்ன வட்டம் போட்டிருந்தால் இப்போது காட்ட ஒரு காகிதமாவது இருந்திருக்கும்.

நீலகிரியின் ஈமக்குழிகள் சாதாரணமானவை இல்லை, அதனால்தான் இவ்வளவு சொல்கிறேன். மலை உச்சிகளில் கிணறு மாதிரிச் சுவர் வைத்த கல்வட்டங்கள், கற்குவைகள், அவற்றுக்குள் உயரமான மண்கலங்கள், மூடியின் மேல் எருமை, குதிரை, புலி என்று மண்ணுருவங்கள், வெண்கலக் கிண்ணங்கள். நீலகிரியின் முதல் கமிஷனர் ப்ரீக்ஸ் இவற்றில் பலவற்றைத் திறந்து பார்த்துப் பதிவு செய்தார், 1872-இல் அவர் இறந்த பிறகு மறு வருடம் அது அச்சானது. ஊட்டியில் அவர் பெயரில் பள்ளி இருக்கிறது, உங்களுக்கே தெரியும். நம் மலையின் அந்தப் பொருள்களைப் பார்க்கவேண்டும் என்றால் இன்று எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போகவேண்டும், இல்லை லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்துக்கே போகவேண்டும். அந்தக் குழிகளுக்குப் பிந்தியவை உருவம் செதுக்கிய கல்திட்டைகள், வீரர்களும் பெண்களும் வரிசை வரிசையாக, சமவெளி நடுகல்லின் மலைவடிவம் என்றே சொல்லலாம். உங்கள் கல்லில் ஆள் உருவம் இருக்கிறது என்றால் அது இந்த வகையாக இருக்கவே வாய்ப்பு அதிகம், அலுவலரிடம் பேசும்போது முதலில் அதைச் சொல்லுங்கள், உடனே நிமிர்ந்து உட்காருவார்.

பழனிமலைக்காரர்கள் இந்த விஷயத்தில் நம்மைவிடக் கொடுத்துவைத்தவர்கள். செண்பகனூரில் இருந்த இயேசு சபைப் பாதிரியார் ஆங்லேட் அந்த மலையின் கல்திட்டைகளை வருடக்கணக்கில் நடந்து அளந்தார், 1928-இல் அதை மத்தியத் தொல்லியல் துறையே வெளியிட்டது. பிறகு பேராசிரியர் கா. ராஜன் தாண்டிக்குடியில் அகழாய்வு செய்தார், மலையடிவாரத்தில் பொருந்தலிலும் அவர்தான் செய்தார். இன்றைக்கு அந்த மலையில் ஒரு கல் காணாமல் போனால் "இங்கே இருந்தது" என்று சொல்ல ஓர் ஏடாவது இருக்கிறது.

அகழாய்வு பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் மனுவில் பலர் "உடனே தோண்டிப் பார்க்கவேண்டும்" என்று எழுதிவிடுகிறார்கள். மாநிலத் துறையே ஆனாலும் மத்திய அரசின் ஒப்புதல் இல்லாமல் ஓர் அடி தோண்ட முடியாது, ஒவ்வொரு வருடமும் டெல்லிக்கு விண்ணப்பித்து அனுமதி வாங்கித்தான் செய்கிறார்கள். கீழடியில் முதலில் மத்தியத் துறை தோண்டியது, நான்காம் கட்டத்திலிருந்து, 2018-இல், மாநிலத் துறை எடுத்துக்கொண்டது, அதுவும் அந்த அனுமதியோடுதான். உங்கள் கல்லுக்கு அகழாய்வு இப்போது தேவையே இல்லை. பதிவும் பாதுகாப்பும் போதும், தோண்டுவது எப்போது வேண்டுமானாலும் செய்யலாம், தோண்டியதைத் திரும்ப வைக்க முடியாது.

அப்புறம், தொல்லியல் துறை என்று நினைத்துக்கொண்டு மக்கள் போய் முட்டும் மற்ற கதவுகள். எழும்பூர் அருங்காட்சியகமும் ஊட்டியில் இருக்கும் அரசு அருங்காட்சியகமும் அருங்காட்சியகங்கள் துறை, இது தனித் துறை. உழும்போது பானையோ காசோ கிடைத்தால் 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி ஆட்சியருக்குத்தான் தெரிவிக்கவேண்டும், வட்டாட்சியர் வழியாகப் போகும். பாலாடாவில் இருக்கும் பழங்குடியினர் ஆய்வு மையம் பழங்குடியினர் நலத்துறையின் கீழ் வருகிறது. கோயில்கள் பெரும்பாலும் இந்து சமய அறநிலையத் துறை. அங்கே திருப்பணி என்றால் மண்டல வல்லுநர் குழு, மாநில வல்லுநர் குழு என்று வைத்து அதில் தொல்லியல் வல்லுநரின் கருத்தையும் கேட்கிறார்கள். ஆனால் நம் ஹட்டிக் கோயில்கள் சீமை, ஊர்ப் பொறுப்பில் இருப்பவை, அங்கே ஊர்க்கூட்டத்தில் பேசினால்தான் நடக்கும். மலை ரயில் 2005-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது, அது தென்னக ரயில்வேயின் பொறுப்பு. வெள்ளைக்காரர் காலத்துப் பங்களா, சர்ச், ஊட்டியை உருவாக்கிய கலெக்டர் சல்லிவன் கட்டிய ஸ்டோன் ஹவுஸ் போன்ற கட்டடங்களுக்கு என்றே பாரம்பரிய ஆணையச் சட்டம் 2012-இல் போட்டார்கள், அது நடைமுறைக்கு வர 2024 ஆகிவிட்டது. நடுவில் 2021-இல் சென்னை உயர்நீதிமன்றம் கோயில்கள், பழஞ்சின்னங்கள் பற்றி 75 உத்தரவுகள் போட்டுத் தீர்ப்புச் சொன்னது, இந்த ஆணையமும் அதில் வந்தது. பன்னிரண்டு வருடம் ஒரு சட்டம் பெட்டிக்குள் கிடந்ததில் ஊட்டியிலும் குன்னூரிலும் எத்தனை ஓட்டுக் கூரைகள் போயின என்று நினைத்தால் வயிறு எரிகிறது.

கல்வெட்டு விஷயத்தில் நம் மலைக்கு ஓர் உறவு உண்டு, பலருக்குத் தெரியாது. மத்தியத் தொல்லியல் துறையின் கல்வெட்டுப் பிரிவுக்குத் தலைமை இடம் பல பத்தாண்டுகள் ஊட்டியாகத்தான் இருந்தது. தமிழ்நாட்டுக் கோயில்களில் எடுத்த மைப்படிகள் மூட்டை மூட்டையாக இந்தக் குளிரில் இருந்தன, அந்தக் காலத்துக் கல்வெட்டுத் தொகுதிகளின் முன்னுரையைப் புரட்டினால் கீழே உதகமண்டலம் என்று ஊர் போட்டிருக்கும். 1966-இல் அலுவலகம் மைசூருக்குப் போயிற்று. தமிழ்ப் படிகளைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவரச் சொல்லி 2021-இல் உயர்நீதிமன்றம் உத்தரவு போடும் வரைக்கும் அந்தப் பேச்சு ஓயவில்லை. ராஜராஜன் காலத்துத் தமிழ் இந்த மலையில் வந்து தங்கிப் போயிருக்கிறது, நினைத்தாலே சந்தோஷமாக இருக்கிறது எனக்கு.

இப்போது உங்கள் மூன்று கற்களுக்கு வருகிறேன்.

முதல் வேலை, நிலம் எது என்று தெரிந்துகொள்வது. கிராம நிர்வாக அலுவலரிடம் போய்ப் புல எண்ணைக் கேளுங்கள், அவரைக் கூட்டிக்கொண்டு இடத்துக்கே போனால் இன்னும் நல்லது. சோலை ஓரம் என்கிறீர்கள், சோலைக்குள் நாலு அடி போனாலே காப்புக்காடாக இருக்கலாம். காப்புக்காடு என்றால் அங்கே ஜேசிபி போவதே குற்றம், வன அலுவலரிடம் ஒரு புகார் போதும், தொல்லியல் துறைக்கு முன்பே அவர்கள் வந்து நிற்பார்கள். அதே சமயம் காப்புக்காட்டுக்குள் இருக்கும் சின்னத்தைப் பார்க்கத் தொல்லியல் அலுவலருக்கே வனத்துறை அனுமதி வேண்டும், அதையும் மனுவில் சேர்த்துக் கேளுங்கள். புறம்போக்கு என்றால் வட்டாட்சியர் பொறுப்பு. பட்டா என்றால்தான் கொஞ்சம் பேச்சுவார்த்தை வேண்டும்.

பட்டாவாகவே இருந்தாலும் கவலைப்படாதீர்கள். நீலகிரியில் ஜேசிபி, பொக்லைன் ஓட்ட மாவட்ட நிர்வாகத்தின் முன் அனுமதி வேண்டும், மண்சரிவுக்குப் பயந்து வைத்த கட்டுப்பாடு அது. கல்லைக் காக்க இந்த மலையில் கையில் இருக்கிற வேகமான வழி இதுதான். தொல்லியல் அறிவிக்கைக்கு மாதங்கள், சில சமயம் வருடங்கள் ஆகும். அனுமதி இல்லாமல் மண் வெட்டுகிறார்கள் என்று கோட்டாட்சியருக்குத் தகவல் போனால் அன்றைக்கே வண்டி நிற்கும். அனுமதி கேட்டு விண்ணப்பம் வந்திருந்தால், "இந்தப் புலத்தில் தொல்சின்னம் இருக்கிறது, தொல்லியல் அலுவலரின் கருத்தைப் பெற்றபின் முடிவு செய்யுங்கள்" என்று ஒரு பக்க மனு கொடுங்கள். அது கோப்பில் ஏறிவிட்டால் அதைத் தாண்டிக் கையெழுத்துப் போட எந்த அதிகாரியும் யோசிப்பார்.

மனுவைத் தொல்லியல் ஆணையருக்கு எழுதி, உங்கள் பகுதித் தொல்லியல் அலுவலர், ஆட்சியர், கோட்டாட்சியர், வன அலுவலர் எல்லாருக்கும் நகல் என்று கீழே போடுங்கள். திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் ஆட்சியரிடம் நேரிலும் கொடுங்கள், அங்கே கொடுத்தால் எண் கிடைக்கும், அந்த எண்ணை வைத்துப் பின்தொடரலாம். முடிந்தால் கிராமசபையில் தீர்மானம் போடுங்கள். தனி ஆள் மனுவைவிடத் தீர்மானத்துக்குக் கனம் அதிகம்.

இன்னொன்று, இதை விட்டுவிடாதீர்கள். மனு எழுதுவதற்கு முன்னால் அந்தக் கற்கள் யாருடைய வழிபாட்டில் இருக்கின்றன என்று கேளுங்கள். கோத்தகிரிப் பக்கம் பனகுடி சோலையில் இருக்கும் கல்திட்டைகள் குறும்பர்களுக்குப் புனிதமானவை. வழவழப்பான ஆற்றுக்கல்லைக் கல்திட்டைக்குள் இறந்தவர் பெயரால் கொண்டுவந்து வைக்கும் வழக்கம் குறும்பர்களிடம் உண்டு என்று ப்ரீக்ஸ் காலத்திலேயே எழுதியிருக்கிறார்கள். உங்கள் திட்டைக்குள்ளும் அப்படி உருண்டைக் கற்கள் இருந்தால் அதற்கு உறவுக்காரர்கள் உயிரோடு இருக்கிறார்கள் என்று அர்த்தம். அவர்களிடம் கேட்காமல் வேலி போட்டுப் பலகை நட்டுவிட்டால், ஜேசிபியிடமிருந்து காத்து வேறு விதமாகப் பறித்தது போலாகிவிடும். காட்டு நிலமாக இருந்தால் 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் அவர்கள் கிராமசபைக்கே தங்கள் பண்பாட்டு மரபைக் கெடுக்கும் செயல்களைத் தடுக்கும் அதிகாரத்தைக் கொடுத்திருக்கிறது, அதன் 5-வது பிரிவைப் படியுங்கள். உங்கள் மனுவோடு அவர்கள் தீர்மானமும் சேர்ந்து போனால் தொல்லியல், வனம், வருவாய் மூன்று துறைக்கும் ஒரே குரல் கேட்கும்.

கடைசியாக, படம். வடகிழக்குப் பருவமழை நம் பக்கம் பிடிப்பதற்குள் எடுத்துவிடுங்கள். காலை ஏழு மணி வாக்கில் வெயில் சாய்வாக விழும்போதுதான் செதுக்கு தெரியும், உச்சிவெயிலில் வெறும் கல்லாகத்தான் இருக்கும். பக்கத்தில் ஒரு அளவுகோலோ, இல்லாவிட்டால் நீளம் தெரிந்த கம்போ வைத்து எடுங்கள். நான்கு பக்கமும், உள்ளேயும், தூரத்தில் இருந்து சரிவு முழுக்கத் தெரியும்படி ஒன்றும், போனில் இருப்பிடத்தைப் பதிந்துகொண்டும் எடுங்கள். உருவம் தெளிவாகத் தெரியவேண்டும் என்று சாக்பீஸ், மாவு, எண்ணெய் எதையும் பூசாதீர்கள், பாசியைக் கம்பிப் பிரஷ்ஷால் தேய்க்காதீர்கள், கல்லின் தோலே உரிந்து வந்துவிடும். புல எண் கிடைத்ததும் எனக்கும் சொல்லுங்கள். அந்தப் புலத்தின் பழைய படத்தை எந்த அலுவலகத்தில், எப்படி எழுதிக் கேட்பது என்று விண்ணப்பத்தை நானே எழுதித் தருகிறேன்.